ஆணை, தேதி, மேசை: மகளிர் உரிமை வாக்குறுதிகளில் மனம் வெறுத்த ஒரு கொங்கு ஊர் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பனியன் கம்பெனி வேன் விடியற்காலையில் வந்து ஆளேற்றிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டுப் போகும் தொலைவில் இருக்கிறது இந்த ஊராட்சி. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். ஒரு பெரிய ஊர், மூன்று குக்கிராமங்கள், ஒரு காலனி. தோட்டங்காட்டு வேலை பாதி, பனியன் வேலை பாதி. பெண்கள் பெரும்பாலும் செக்கிங், கைமடி, பிசிர் வெட்டுதல் வேலைக்குப் போகிறார்கள். ஒன்றரை ஷிப்டு என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. அலுவலக வேலை நாளில் மனு எழுதி எடுத்துப்போக வேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும். பின்னால் நடந்த பலவற்றுக்கும் இந்தக் கணக்கே காரணம்.

இது 43 பெண்களைப் பற்றி, அவர்களின் கூட்டங்களில் உடனிருந்த நாங்கள் எழுதும் பதிவு. வயது 22 முதல் 63 வரை. யார் பெயரும் இல்லை. மாவட்டத்தின் பெயரையும் விட்டிருக்கிறோம். காலம் 2024 மார்ச் முதல் 2025 டிசம்பர் வரை.

அவர்கள் அதுவரை கேட்டிருந்த வாக்குறுதிகள் கொஞ்சமல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலில் நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணமும் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாயும் சொல்லப்பட்டன. பயணத்துக்கான ஆணை அரசு பதவியேற்ற 2021 மே 7 அன்றே வந்தது. அந்த ஆயிரம், மகளிர் உரிமைத் தொகை என்ற பெயரில், 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் 2016இலேயே சட்டமாகியிருந்தது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. இவையெல்லாம் வெறும் பேச்சாக நின்றவை அல்ல. ஒவ்வொன்றும் ஆணையாகவோ சட்டமாகவோ வந்தவை. அப்படியிருந்தும் இந்த ஊரில் மனம் வெறுத்துப்போனது ஏன் என்பதைத்தான் இங்கே பதிவுசெய்கிறோம்.

2024 மார்ச் 17: புறக்கணிப்புப் பேச்சு

மார்ச் 16 சனிக்கிழமை மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில், ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் திண்ணையில் மகளிர் குழுத் தவணை கட்டக் கூடிய பெண்களிடம் பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியது. "ஓட்டுக் கேக்க வர்றப்ப அம்மிணிங்கறாங்க. மனு எடுத்துட்டுப் போனா யாரும்மா நீங்கறாங்க" என்றார் செக்கிங் வேலைக்குப் போகும் 41 வயதுப் பெண். ஊர் எல்லையில் புறக்கணிப்புப் பலகை வைத்துவிடலாம் என்று இருபது பேராவது சொன்னார்கள். நோட்டாவுக்குப் போடலாம் என்றார்கள் சிலர். "காசு குடுப்பாங்க, வாங்கிக்குவோம், அதோட கணக்கு முடிஞ்சுதுங்" என்று எழுந்து போனவர்களும் உண்டு.

கடைசியாகச் சொன்ன பேச்சைத்தான் நாங்கள் மிகுந்த கவலையோடு குறித்துவைத்தோம். வாக்குக்குப் பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதைவிட, பணத்தை வாங்கியதும் வாக்குறுதியைப் பற்றிக் கேட்கும் வாய் அடைந்துபோகிறது என்பதை அந்தப் பெண்களே சொன்னார்கள். நம்பிக்கை போன இடத்தில் இருநூறும் ஐநூறும் உட்கார்ந்துகொள்கின்றன.

கவனித்தவை

முதல் இரண்டு வாரம் எந்த முடிவும் எடுக்காமல், குறை என்று சொன்னதையெல்லாம் எண்ணிக்கையாக எழுதிவைப்பது என்று ஆனது. கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் நோட்டுப் போட்டார்கள்.

பேருந்து. இந்த ஊருக்கு நாளொன்றுக்கு 14 நடை வருகிறது. அதில் 11 தனியார் டவுன் பஸ். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் நகரப் பேருந்துகளில் கணிசமானவை தனியாருடையவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கட்டணமில்லாப் பயணமோ அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும். மீதி மூன்று நடையும் அரசு வண்டிகள்தான். ஆனால் காலை 6.20, பிற்பகல் 1.40, மாலை 4.15. எட்டரை மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஒருவருக்கும் அவை பயன்படாது. "ஏனுங்க்கா, பஸ்ஸு ஓசின்னாங்க. எங்கூருக்கு வர்றதெல்லாம் பிரைவேட்டுங். ஓசின்னு ஏறுனா கண்டக்டரு எறக்கி உட்ருவாருங்." வேன் வராத சிறு கம்பெனிகளுக்குப் போகும் 19 பேர் போகவர 24 ரூபாய் கொடுக்கிறார்கள். மாதம் 26 நாளுக்கு 624 ரூபாய். நிறைவேறிய வாக்குறுதி இந்த ஊரின் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

உரிமைத் தொகை. 43 பேரில் 38 பேர் விண்ணப்பித்தார்கள். 23 பேருக்குக் கிடைத்தது. 15 பேருக்கு மறுப்பு. திட்டத்தின் வரம்புகள் தெளிவானவை: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். மறுப்புக் குறுஞ்செய்தி வந்தால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு செய்தவர் 15 பேரில் நால்வர். அவர்களில் இருவருக்குக் கிடைத்தது. மீதி 11 பேர் ஏன் செய்யவில்லை என்று ஒவ்வொருவரின் போனையும் வாங்கிப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. ஏழு பேர் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது கணவர் அல்லது மகனின் எண். ஒரு பெண்ணின் மகன் போனில், கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் செய்திகளுக்கும் நடுவே, திறக்காமலே ஆறு மாதமாகக் கிடந்தது அந்தச் செய்தி. அவர் அதுவரை "கவர்மெண்டுல குடுக்கல" என்றுதான் நினைத்திருந்தார். காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

மறுப்பின் காரணங்களிலும் பாடம் இருந்தது. ஐந்து பேருக்கு மின்சாரம். அதில் மூன்று வீடுகளில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், இரண்டு ரேஷன் கார்டு, ஆனால் ஒரே மின் இணைப்பு. 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதப் பில்லுக்கு 600. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஓடும் இரண்டு குடும்பத்துக்குப் பத்தாது. ஆறு பேருக்கு வாகனம். அதில் இரண்டு வீடுகளில் இருந்தது தவணையில் எடுத்து வாடகைக்கு ஓட்டும் குட்டியானை. விதி சொல்வது சொந்தப் பயன்பாட்டுக்கான கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் முதலியவற்றை. பிழைப்புக்கு ஓட்டும் சிறிய சரக்கு வண்டி அதில் சேருமா என்று மேல்முறையீட்டில் வாதிட நல்ல இடம் இருந்தது. வாதிட ஆள்தான் இல்லை.

தலைமை. ஊராட்சித் தலைவர் ஒரு பெண். 2019 டிசம்பர் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவர். மனுவோடு வீட்டுக்குப் போனால், "அவரு வெளிய போயிருக்காருங், நாளைக்கு வாங்க" என்பார். அவர் என்று சொன்னது கணவரை. 2024 ஜனவரி 26 கிராம சபையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசியது கணவர். தலைவர் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்து, கடைசியில் எழுந்து வந்து தீர்மானப் புத்தகத்தில் செயலர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர், கணக்கு நன்றாகத் தெரிந்தவர். நாற்காலி அவருடையது என்று ஊரில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

சொத்து. உரிமை என்றால் என்ன என்று கேட்டபோது, ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பஸ்ஸையும் ஆயிரத்தையும் விட்டுவிட்டு, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தைப் பேசினார்கள். 1989இல் தமிழ்நாடு சட்டம் மகளுக்குச் சம பங்கு தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமாகியிருந்தவர்களுக்கு மட்டும் இல்லை. 2005இல் நாடு முழுக்கச் சட்டம் வந்தது. ஆனாலும் 43 பேரில் 17 பேர், "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்ற பேச்சுக்குப் பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். எந்த வேட்பாளரும் இதைப் பேசியதில்லை, பேசப்போவதும் இல்லை. இந்த முயற்சியாலும் அதைத் தொட முடியவில்லை என்பதைப் பதிவுசெய்தே ஆக வேண்டும்.

பட்டியலில் விட்டுப்போனது. மூன்றாவது வாரம்தான் ஒரு பெரிய தவறு தெரிந்தது. கோயில் திண்ணைக் கூட்டத்துக்குக் காலனிப் பெண்கள் வரவில்லை. வர முடியாத இடத்தில் கூட்டம் போட்டுவிட்டு, வரவில்லை என்று எழுதிவைத்திருந்தோம். கூட்டத்தைத் தொடக்கப் பள்ளி மரத்தடிக்கு மாற்றியதும் 12 பேர் வந்தார்கள். 43 என்பது அவர்களையும் சேர்த்த எண்ணிக்கை. அவர்கள் கொண்டுவந்தது ஒரே குறை: பஸ் நிறுத்தத்திலிருந்து காலனிக்கு 1.1 கிலோமீட்டர் இருட்டு. வேனில் இறங்கி ஒன்பது மணிக்கு மேல் நடக்க வேண்டும். மேடைதோறும் முழங்கும் பெண்கள் பாதுகாப்பு அந்த ரோட்டில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மார்ச் 31 கூட்டத்தில் ஒவ்வொரு வழியாக எடுத்துப் பேசினார்கள்.

புறக்கணிப்பை விட்டதற்குக் காரணம், பலகை வைத்தால் என்ன நடக்கும் என்பது எல்லோரும் பார்த்தது. வட்டாட்சியரோ வருவாய் ஆய்வாளரோ வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், வாய்மொழியாக ஒன்று சொல்வார், பலகையைக் கழற்றுவார்கள். தேர்தல் முடிந்ததும் சொன்னவர் மாற்றலாகிப் போயிருப்பார். எழுத்தில் எதுவும் மிஞ்சாது.

நோட்டா உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல் வந்தது. அது எண்ணப்படும், ஆனால் முடிவை மாற்றாது. நோட்டாவே முதலிடம் பெற்றாலும் அடுத்த இடத்தில் உள்ள வேட்பாளர்தான் வெற்றி. இது தெரியாமல், "நோட்டா ஜெயிச்சா எலெக்‌ஷன் மறுபடி நடக்கும்" என்று நம்பிய ஒன்பது பேர் கூட்டத்தில் இருந்தார்கள்.

மொடக்குறிச்சியை நினைவுபடுத்தினார் 63 வயது அம்மா. 1996இல் தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்து, 1,033 பேர் போட்டியிட்ட தொகுதி அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு நடந்தது வைப்புத்தொகையை உயர்த்தியதுதான்: சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது, இன்று 10,000. ஆளைத் திரட்டினால் கவனம் கிடைக்கும். கேட்ட பொருள் தானாகக் கிடைக்காது என்று அந்த அம்மா அதை எடுத்துச்சொன்ன விதம் கூட்டத்தின் போக்கையே மாற்றியது.

எனவே வாக்கை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, குறைகளை ஒரு தாளில் எழுதிக் கேட்பது என்று முடிவானது. ஒவ்வொரு குறைக்கும் மூன்று கட்டம். ஆணை: இதற்கு அரசாணையோ சட்டமோ ஏற்கெனவே இருக்கிறதா? தேதி: எப்போதிலிருந்து எப்போதுக்குள்? மேசை: எந்த அலுவலரின் மேசையில் இது தீரும்? சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு நிரப்ப இரண்டு ஞாயிறு பிடித்தது.

நிரப்பியபோது தெரிந்தது இது. மக்களவை வேட்பாளரிடம் கேட்கலாம் என்றிருந்த ஐந்தில் நான்கு அவர் மேசைக்கே வராதவை. தெருவிளக்கு ஊராட்சியுடையது. பஸ் நடை போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையும் கோட்ட அலுவலகமும் பார்ப்பது. உரிமைத் தொகை வருவாய்க் கோட்டாட்சியரிடம். தலைவர் நாற்காலி ஊராட்சியின் உள்விவகாரம். நாடாளுமன்றத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது பெண்களுக்கான 33 விழுக்காடு இடம் ஒன்றுதான். அதுவும் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதையொட்டிய தொகுதி மறுவரையறை ஆகியவற்றுக்குப் பிறகே பலிக்கும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1996இல் முதன்முதலாக மசோதா வந்தது; 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றி மக்களவையில் நின்றது. இந்தக் கதையைக் கேட்டபின் பெண்களின் கேள்வி சுருங்கியது: "சட்டம் வர்ற வரைக்கும் உங்க கட்சியில எத்தனை பேருக்கு சீட்டுக் குடுத்தீங்க?" 2021இல் தமிழ்நாட்டில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர் என்பதையும் தாளில் எழுதினார்கள்.

தாளில் கையெழுத்து வாங்கினால் அது சட்டப்படி கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு நேரான பதில் சொன்னோம்: கட்டுப்படுத்தாது. தேர்தல் அறிக்கை வாக்குறுதியை ஊழல் நடவடிக்கையாகக் கருத முடியாது என்று 2013 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டித் தேர்தல் நடத்தை விதிகளில் சேர்ந்த பகுதி, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்கிறது. பெண்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதை: பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நமக்குள்ள கேள்வி.

பிரசார நாட்கள்

ஆரத்தி எடுப்பதில்லை என்று முடிவுசெய்தார்கள். தட்டில் நூறோ இருநூறோ விழும் என்பதால் இது சின்ன முடிவு அல்ல. நடந்தது எதிர்பாராதது. வேட்பாளர் வண்டி வந்த அன்று, உள்ளூர்ப் பொறுப்பாளர் பக்கத்துக் குக்கிராமத்துப் பெண்களை டெம்போவில் கூட்டிவந்து ஆரத்தி எடுக்கவைத்தார். புகைப்படத்தில் ஊர் மகிழ்ச்சியோடு வரவேற்றதாகவே பதிவானது. வண்டி நின்றது ஆறு நிமிடம்.

நான்கு வேட்பாளர் தரப்புக்குத் தாள் கொடுக்கப்பட்டது. இரண்டு தரப்பு வாங்கிக்கொண்டது. ஒன்றில் வேட்பாளருக்குப் பதிலாக ஒன்றியச் செயலாளர் கையெழுத்திட்டார். தேதிக் கட்டத்தை நிரப்பியவர் யாரும் இல்லை. 33 விழுக்காட்டைப் பெருமையாகப் பேசிய ஒருவரிடம் எப்போது என்று கேட்டபோது, "சீக்கிரம்மா" என்றார். அந்த ஒரு சொல்லையும் தேதிக் கட்டத்தில் அப்படியே எழுதிவைத்தார்கள்.

இன்னொரு தடையை முன்கூட்டியே யோசிக்கவில்லை. நடத்தை விதிகள் வந்த நாளிலிருந்து திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் பெட்டிதான். மார்ச் 22, மே 1 கிராம சபைகளும் இந்த ஊரில் நடக்கவில்லை. கேட்க மனம் துணிந்த மாதங்களில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

வாக்குப்பதிவு

புறக்கணிப்பு நடக்கவில்லை. ஆனால் மனக்கசப்பு எண்ணிக்கையில் தெரிந்தது. இந்தச் சாவடியில் நோட்டா 2021இல் 7, 2024இல் 26. வாக்களித்த பெண்களின் எண்ணிக்கை 2021ஐவிட 41 குறைவு. சாவடி வாரியான விவரம் படிவம் 20இல் பொதுவில் கிடைக்கும். கட்சிகள் அதைத்தான் முதலில் பார்க்கின்றன. ஒரு சின்ன ஊர் ஒரே சாவடியாக இருக்கும்போது அதன் கோபம் அச்சில் தெரியும். யார் போட்டார்கள் என்ற ஊகமும் கூடவே வரும். ஜூன் கடைசியில் காலனியில் இரண்டு வீடுகளில், "நீங்கதான நோட்டா" என்று ஜாடைப் பேச்சு வந்தது. இந்த ஆபத்தை முன்பே எடுத்துச்சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை

தெருவிளக்கிலிருந்து தொடங்கினார்கள், அதன் மேசை மிகப் பக்கத்தில் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு நான்கு பெண்கள் டார்ச் அடித்துக்கொண்டு, கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து நோட்டில் ஏற்றினார்கள். 800 மீட்டரில் 17 கம்பம். எரிவது 6, ஒளிர்ந்து அணைவது 3, செத்தது 8. கடைசி 300 மீட்டரில் கம்பமே இல்லை. "ரோடு இருட்டா இருக்கு" என்ற மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். 11 கம்ப எண் போட்ட மனுவுக்கு அப்படிப் பதில் எழுத முடியாது.

மனுவைத் தலைவரின் கையில்தான் கொடுப்பது, கணவரிடம் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, ஆகஸ்ட் 4 ஞாயிறு மாலை ஆறு பேர் போனார்கள். "அவரு வரட்டுங்" என்றார். "உங்ககிட்டத்தானுங் வந்தோம்" என்றார் காலனியிலிருந்து வந்தவர். தலைவர் மனுவை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து முழுதும் படித்தார். எட்டாவது கம்ப எண் தவறு, அது அடுத்த வார்டில் வரும் என்று திருத்தியவர் அவரே.

ஆகஸ்ட் 15 கிராம சபை. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 200 பேர் வர வேண்டும். பெண்கள் மட்டும் 90 பேர் வந்ததால் எண்ணிக்கை நிறைந்தது. விளக்குத் தீர்மானத்தைத் தலைவரே வாசித்தார். குரல் கம்மியது, ஆனாலும் வாசித்து முடித்தார். பஸ் பற்றி ஒரு பரிந்துரைத் தீர்மானம். தீர்மான நகல் வாங்கும்வரை மூன்று பேர் இடத்தைவிட்டு நகரவில்லை.

பஸ் மனுவில் முதல் வரைவு "எங்களுக்கு இலவசப் பேருந்து வேண்டும்" என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, காலை 7.40 முதல் 8.00க்குள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து ஒரு நடை இந்த நிறுத்தம் வழியே போக வேண்டும் என்று மாற்றினோம். கல்லூரிப் பெண்கள் இருவரும் 12 வேலை நாள் நிறுத்தத்தில் நின்று, 7.30 முதல் 8.30 வரை ஏறும் பெண்களை எண்ணியிருந்தார்கள், சராசரி 38. கூடவே, மூன்று கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டில் 7.50க்குப் போகும் அரசு வண்டியை ஊர் வழியே திருப்பினால் எவ்வளவு நேரம் கூடும் என்று பைக்கில் ஓட்டிப் பார்த்து, 11 நிமிடம் என்று எழுதினார்கள். புதுப் பேருந்து கேட்டால் வண்டியும் ஆளும் இல்லை என்ற பதில் தயாராக இருக்கும். திருப்பிவிடக் கேட்டால் அந்தப் பதில் பொருந்தாது.

ஆறு வாரம் பதில் இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் போனது. முதல் வரைவில் "ஏன் பஸ் விடவில்லை" என்று கேட்டிருந்தார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணம் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். எனவே, மனு பெறப்பட்ட நாள், அதன் மீதான குறிப்புகளின் நகல், இப்போது அது எந்த அலுவலரிடம் உள்ளது என்று மூன்றே வரி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 19ஆம் நாள் பணிமனையிலிருந்து ஒருவர் ஊருக்கு வந்து ரோட்டின் அகலத்தை அளந்தார்.

விளைவு

தெருவிளக்கு: கிராம சபை முடிந்த ஒன்பதாம் நாள் 11 கம்பத்திலும் எல்இடி விளக்கு. கம்பம் இல்லாத 300 மீட்டருக்கு ஆறு புதுக் கம்பம் வேண்டும். மின்வாரிய மதிப்பீடு வாங்கியதோடு நிற்கிறது.

பஸ்: 2024 அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து காலை நடை ஊர் வழியே வருகிறது. டிசம்பரில் ஓட்டுநர் இல்லை என்று இரண்டு வாரம் நின்று, நின்ற தேதிகளை எழுதிக்கொடுத்தபின் மறுபடி வந்தது. இரவு நடை இல்லை. 624 ரூபாய்ச் செலவு 312 ஆனது.

உரிமைத் தொகை: மேல்முறையீட்டுக் காலம் போய்விட்டதால் 13 பேர் காத்திருக்க நேர்ந்தது. 2025 ஜூலையில் தொடங்கிய உங்களுடன் ஸ்டாலின் முகாமில் மறுபடி விண்ணப்பித்தார்கள். இம்முறை அவரவர் சொந்த எண், கூட்டு மின் இணைப்புக்கு இரண்டு ரேஷன் கார்டு நகல், குட்டியானைக்குப் பதிவுச் சான்று நகல் சேர்த்து. டிசம்பரில் எட்டுப் பேருக்கு வந்தது. ஐந்து பேருக்கு இல்லை. அதில் இருவர் உண்மையிலேயே வரம்புக்கு மேல்.

தலைவர்: அக்டோபர் 2 கிராம சபையில் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். 2025 ஜனவரி 5 அன்று ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தலைவருக்குப் பதிலாக அரசின் தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். ஐந்தாண்டில் அவர் தலைவராக நாற்காலியில் உட்கார்ந்தது ஒரே ஒரு கிராம சபை.

வேட்பாளர் தரப்புகளுக்குக் கொடுத்த தாள்: தேர்தலுக்குப் பின் ஒரு தரப்பிலிருந்தும் பேச்சில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் கூட்டம் நடக்கும் இடம். எல்லாப் பெண்களும் உரிமையோடு உட்காரக்கூடிய இடத்தில் முதல் நாளே தொடங்க வேண்டும். இந்த ஊரில் மிக விரைவில் தீர்ந்த குறை, மூன்று வாரம் காதில் விழாமல் இருந்த குறைதான்.

தேர்தல் அறிவிப்புக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தாள் தயாராக வேண்டும். சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல், மே என்றால் முந்தைய ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானமாக ஏறியிருக்க வேண்டும். பிரசாரத்தில் கொடுக்கும் தாள் அதன் நகலாக இருக்கட்டும்.

எந்தத் தேர்தலோ அதற்குரிய கேள்வியை மட்டும் கேட்க வேண்டும். எம்.பி. வேட்பாளரிடம் தெருவிளக்கு கேட்டதால் அவர் எளிதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எந்த விண்ணப்பத்திலும் பெண்ணின் சொந்தக் கைப்பேசி எண். போன் இல்லாதவர்களுக்கு இ-சேவை மையத்தில் மாதம் ஒரு முறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமிக்கலாம். இங்கே அதைக் கல்லூரிப் பெண் ஒருவர் ஏற்றிருக்கிறார். மறுப்பு வந்தால் 30 நாளை அன்றிலிருந்தே காலண்டரில் வட்டம் போட்டு எண்ண வேண்டும்.

அலுவலகத்துக்குப் போகிறவரின் கூலியைப் பொதுவில் கொடுக்க வேண்டும். இரண்டு மனுக்கள் தாமதமானது ஒரு நாள் கூலி இழக்க முடியாததால் மட்டுமே. இப்போது குழுச் சேமிப்பிலிருந்து போகவரச் செலவோடு 500 ரூபாய் தருகிறார்கள்.

கம்ப எண், பஸ் எண்ணிக்கை, மனு நகல் எல்லாம் உள்ள நோட்டு இப்போது காலனியில் ஒரு வீட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் மீதமுள்ளவை: ஆறு கம்பம், தனி அலுவலர் மேசையில். இரவு 8.45 நடை, பணிமனை மேசையில். மூன்று மேல்முறையீடு, கோட்டாட்சியர் மேசையில்.